வருங்கால வாத்தியார்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மூன்று பேர். முதலில் அந்தப் பதினைந்து வயதுப் பெண். வழக்கம்போல் பாதி நேரம் தன் ஷூ லேஸோடு பேசினாள். இரண்டாவது ஆள் வரவில்லை. மூன்றாவது புது ஆள், இருபது வயது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறான். கல்லூரிதான் அனுப்பியிருக்கிறது. வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னபோது கை நடுங்கி, பேச்சு அடைத்து, பாதியில் வெளியே ஓடிவிட்டானாம். ஜூன் மாதம் ஒரு பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். அதற்கு முன்னால் 'இவரை அனுப்பலாம்' என்று எங்கள் மனநல ஆலோசனை மையம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெயரைப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பெயரில் தெருவுக்கு ஒருவன் இருப்பான். படித்த பள்ளி என்ற இடத்துக்கு வந்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து நாற்காலி கிறீச்சிட்டது. அவன் சிரித்தான். மூச்சை உள்ளே இழுத்து, விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பை எனக்கு ஏழு வருஷமாகத் தெரியும். ஒரு செல்போன் வீடியோ. எடுப்பவன் முகம் அதில் தெரியாது, சிரிப்பு மட்டும் கேட்கும். கதவுக்கு அந்தப் பக்கம் என் மகன் அழுதுகொண்டிருப்பான்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரே விதிதான். வந்தவர் நமக்கு வேண்டியவர், வேண்டாதவர், எப்படியாவது தெரிந்தவர் என்றால் அன்றே சொல்லி இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். (அவர் டாக்டர் இல்லை. மையத்தின் தலைமை. குரலை வைத்து யாரோ வைத்த பெயர்.) அவர் அறை என் அறைக்கு எதிரே. கதவு திறந்துதான் இருந்தது.

"அடுத்த செவ்வாய் இதே நேரம் வசதிப்படுமா?" என்று அவனைக் கேட்டேன்.


மார்ச் 5

எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நானே எனக்கு வேறு கதை சொல்லிக்கொள்வேன்.

என் மகனுக்கு அப்போது பதிமூன்று வயது. பள்ளி விட்டதும் விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்குள் பந்து எடுத்து வர அனுப்பினார்கள். நான்கு பேர். வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். சாவித் துவாரம் வழியாகப் படம் எடுத்தார்கள், பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். இருட்டிய பிறகு காவலாளி சத்தம் கேட்டுத் திறந்தார். அதற்குள் வீடியோ வகுப்பு முழுக்கப் போய்விட்டது.

நான் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தேன். விசாரணைக்கு அவன் அப்பாதான் போனார். தலைமை ஆசிரியர் பையன்களை வரிசையாக நிற்க வைத்து என் மகனோடு கைகுலுக்கச் சொன்னாராம். "பசங்கன்னா இப்படித்தான், மனசுல வெச்சுக்காதீங்க" என்றாராம். இவரும் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். அந்தத் தலையாட்டலுக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இப்போது அவர் வேறு ஊரில் வேறு வீட்டில் இருக்கிறார். நல்லது.

மகன் அதன்பின் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டிலிருந்தே தேர்வு எழுதினான். இப்போது பிறர் பதிவு செய்து அனுப்பும் ஒலியைச் சுத்தம் செய்து கொடுக்கிறான். அந்த வேலையில் கெட்டிக்காரன். எங்கள் வீட்டில் குளியலறை உட்பட எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. வெளியே போவது மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் நான் கூட இருந்தால்.

படம் எடுத்த இவன் வாத்தியார் ஆகப் போகிறான். பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கு.


மார்ச் 11

வருங்கால வாத்தியார் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். கால் மணி நேரம் காக்க வைத்தேன். முன்மேசை அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, "சும்மாதானே இருக்கீங்க, அனுப்பட்டுமா?" என்றாள். ஃபைல் பார்ப்பதாகச் சொன்னேன். பேனா மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மௌனம் எங்களுக்கு மருந்து மாதிரி. எதிரே இருப்பவர் தன் வார்த்தையைத் தானே தேடி எடுக்கட்டும் என்று அளவாகக் கொடுப்போம். இன்று அளவில்லாமல் கொடுத்தேன். அவன் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பான். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கை நடுங்க ஆரம்பித்தது. முழங்காலுக்கு நடுவில் ஒளித்துக்கொண்டான். டிஷ்யூ பெட்டியை அவன் பக்கம் தள்ளுவது என் பழக்கம். தள்ளவில்லை.

"நான் சரியாத்தான் சொல்றேனா மேடம்?" என்றான்.

"உங்களுக்கு எப்படித் தோணுது?" என்றேன். நாங்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதான். அதில் ஊசி வைத்துக் கேட்கலாம் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.


மார்ச் 12

நன்றாகத் தூங்கினேன். இதை எழுத வெட்கமாக இல்லை.


மார்ச் 18

அவன் தன் அப்பாவைப் பற்றிப் பேசினான். லாரி வைத்திருக்கிறவர். இவன் நடுங்குவதைப் பார்த்து வீட்டில் எல்லோர் முன்னாலும் அதே மாதிரி கையை ஆட்டிக் காட்டுவாராம். எல்லோரும் சிரிப்பார்களாம். இவனும் சேர்ந்து சிரிப்பானாம். "சிரிக்கலைன்னா இன்னும் அதிகமாகும் மேடம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் போயிருப்பேன். அங்கேதான் கதவு இருக்கிறது, இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவருக்கும் தெரியும்.

"நேரம் முடிஞ்சது" என்றேன். இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கடிகாரம் அவன் முதுகுக்குப் பின்னால்.

போகும்போது, "உங்ககிட்ட பேசினா கொஞ்சம் லேசா இருக்கு" என்று வேறு சொன்னான். எரிச்சலாக வந்தது. எதைக் கொடுத்தேன் என்று லேசாகிறான்?


மார்ச் 25

இன்று நானேதான் இழுத்துக்கொண்டு போனேன். "ஸ்கூல் நாட்கள்ல எப்படி இருந்தீங்க? கூட்டத்துக்கு முன்னால நிக்கறது அப்பவே பயமா?"

"சேச்சே. அப்ப நான்தான் மேடம் லீடர். நாலு பேர் எப்பவும் ஒண்ணாவே திரிவோம். செம ஜாலி."

"என்ன மாதிரி ஜாலி?"

யோசித்தான். கம்ப்யூட்டர் வகுப்பில் மவுஸ் உருண்டைகளைத் திருடியது, ஒரு வாத்தியார் சட்டையில் காகிதம் ஒட்டியது. நான் காத்திருந்தேன். எத்தனை நாளாகக் காத்திருக்கிறேன், இன்னும் ரெண்டு நிமிஷமா முடியாது?

"அப்புறம் ஒரு பையனை ஸ்போர்ட்ஸ் ரூம்ல வெச்சு பூட்டினோம். செம கலாட்டா ஆயிடுச்சு, வீட்ல இருந்தெல்லாம் வந்தாங்க. அதுக்கப்புறம் அவனுக்கு 'பூட்டு'ன்னே பேர்." அந்தச் சிரிப்பு. "பாவம், ஸ்கூல் மாறிட்டான் போல."

போல.

"அவன் பேர் என்ன?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. பத்து வருஷப் பயிற்சி.

"பூட்டுதான் ஞாபகம் இருக்கு மேடம். பேரு... வரலை."

அதை அப்படியே தாண்டி, போன வாரம் பேருந்தில் கை நடுங்கியதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவன் கஷ்டங்களில் அது இல்லவே இல்லை. ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கிறது, அதனால்தான் கை நடுங்குகிறது, உள்ளுக்குள் அரித்துத் தின்கிறது — இப்படி என்னவெல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தேன். ஒன்றுமில்லை. மவுஸ் உருண்டைக்கு அடுத்த வரிசையில் என் பிள்ளை.

கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். அழவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலிக்கிறது.


மார்ச் 27

வாராந்திரக் கூட்டம். ஒவ்வொருவராகக் கையில் இருக்கும் ஆட்களைப் பற்றிச் சொன்னோம். என் முறை வந்ததும் டாக்டரம்மா, "அந்த டீச்சர் ட்ரெய்னிங் பையன் எப்படிப் போறான்?" என்றார்.

"நடுக்கம் குறையலை."

"அவனோட உனக்கு எப்படி இருக்கு?"

இது எல்லோரிடமும் கேட்பதுதான். ஆனாலும் ஒரு நொடி அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"சாதாரணமாத்தான் இருக்கு" என்றேன்.


ஏப்ரல் 2

கல்லூரியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும். அனுப்பலாமா, கூடாதா?

நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாய்ப்பு தானே கேட்டுக்கொண்டு என் மேசைக்கே வந்து நிற்கிறது.

எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்க்கிறேன். இவனை நம்பி முப்பது பிள்ளைகளை ஒப்படைக்கலாமா? ஒரு குழந்தையைப் பூட்டியதை ஜோக்காகச் சொல்கிறவன். ஏதோ ஒரு மூலையில் ஒரு பதிமூன்று வயதுப் பையன் அழுதால் இவன் எந்தப் பக்கம் நிற்பான்? நியாயம் பலமாகத்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்லலாம். பிறகு ஏன் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை?

சொன்னால் என் கையை விட்டுப் போய்விடும். அதனால்தான்.


ஏப்ரல் 3

அறிக்கை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். சமையலில் உப்புப் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு வார்த்தையையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். 'முன்னேற்றம் குறிப்பிடும்படி இல்லை.' 'பிறர் துன்பத்தை உணர்வதில் குறைபாடு காணப்படுகிறது.' 'இந்த ஆண்டு வகுப்பறைப் பொறுப்பு பரிந்துரைக்கத் தக்கதல்ல.'

பொய் என்று ஒரு வரி இல்லை. அப்பா கையை ஆட்டிக் காட்டுவதை எழுதவில்லை. ஒரு நாளும் தாமதமாக வராததை எழுதவில்லை. நான் எந்தச் சிகிச்சையும் கொடுக்கவில்லை என்பதை எழுதவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, போனில் யாரிடமோ பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.


ஏப்ரல் 4

அனுப்பியாகிவிட்டது.


ஏப்ரல் 6, ஞாயிறு

முட்டை பொரித்தேன், ரேடியோவைப் போட்டேன், ஜன்னல் திரையெல்லாம் துவைத்தேன். மகன் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, லாட்டரி அடிச்சுதா?"

"ஏண்டா, நான் சந்தோஷமா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். எப்படி இருக்கும்னு மறந்து போச்சு, அதான் கேட்டேன்."

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. உனக்காக ஒன்று செய்திருக்கிறேன் கண்ணா. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இது கெட்டுப்போகிற பொருள் இல்லையே.


ஏப்ரல் 15

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேரம் குறிக்காமலே வந்தான். முகம் வீங்கியிருந்தது. கல்லூரியில் ஒரு வருஷம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவன் அப்பா பையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, "லாரில மூட்டை தூக்கு, அதுக்கு கை நடுங்கினா பரவாயில்ல" என்றாராம்.

என்னைக் கேள்வி கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து, பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை.

"ரிப்போர்ட்ல நீங்க உள்ளதைத்தான் எழுதியிருப்பீங்க மேடம். என் மேலதான் தப்பு. நான் இன்னும் நல்லாப் பேசியிருக்கணும். எனக்குப் போக வேற இடம் தெரியலை, அதான் இங்க வந்துட்டேன். என்னை முட்டாளாப் பாக்காத ஒரே ஆள் நீங்கதான்."

இங்கே நிறுத்தியிருக்கலாம். கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் அவனுக்குத் தெரியாமல் அடித்தால் அது என்ன அடி? யார் அடிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். எதற்கு என்று தெரிய வேண்டும்.

வருகிறவர்களை 'நீங்க' என்றுதான் சொல்வேன், பன்னிரண்டு வயதானாலும். இன்று வாயில் வந்தது வேறு.

"நீ பூட்டினியே ஒரு பையன். அவன் என் மகன்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. "யாரு மேடம்?" என்றான். நடிப்பு இல்லை. நிஜமாகவே தேடினான். அது எவ்வளவு நேரமோ, எனக்கு ஒரு யுகம். பிறகு அவன் முகம் மெதுவாக மாறியது. ஏழு வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம்.

நான் நிறுத்தவில்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவுகளைச் சொன்னேன். மாதத்துக்கு ஒருமுறை வெளியே போவதைச் சொன்னேன். அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னேன். அறிக்கையை ஏன் அப்படி எழுதினேன் என்றும் சொன்னேன். "'போல'ன்னு சொன்னியே, ஸ்கூல் மாறிட்டான் போலன்னு. மாறலைடா. ஸ்கூலே அவனுக்கு முடிஞ்சு போச்சு" என்றேன்.

எழுந்து போனான். பையை எடுக்க மறந்துவிட்டான். முன்மேசை அக்கா பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். அவன் திரும்பவில்லை.

நெஞ்சு குளிர்ந்தது. உண்மையை எழுதுகிறேன், குளிர்ந்தது. வீடு வந்து சேரும்வரை குளிர்ந்துதான் இருந்தது.


ஏப்ரல் 16

அவன் பை என் அறையில் இருக்கிறது. போன் அதற்குள்தான். மாற்று எண்ணாக அவன் அக்காவுடையதை மையத்தில் கொடுத்திருந்தான்; அவளுக்கும் இந்த இடம் தெரியும். அவள் காலையில் கூப்பிட்டாள். "தம்பி அங்க வந்தானா? ராத்திரி என் வீட்டுக்கும் வரலை, அப்பாகிட்டயும் இல்ல."

வீட்டிலிருந்து துரத்தப்பட்டவன். படிப்பு நின்றுபோனவன். நம்பிய ஒரே ஆளிடம் அடி வாங்கிக்கொண்டு போனவன். இப்படி ஒருவனைப் பற்றி வேறு யாராவது எனக்குப் போன் செய்தால் என்ன சொல்வேன்? ஒரு நிமிஷம்கூட வீணாக்காதீர்கள் என்று கத்துவேன்.

நான் வீணாக்கினேன். மேசையில் உட்கார்ந்து, காணாமல் போகட்டுமே என்று நினைத்தேன். தேடட்டும். அவர்கள் வீட்டிலும் யாராவது ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். இதையும் நானேதான் நினைத்தேன், வேறு யாரும் இல்லை.

பிறகு எழுந்து எதிர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. பேனாவை எடுத்து, "கடைசியா என்ன வார்த்தை சொன்னே? அப்படியே சொல்லு" என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனில் எண்ணை அழுத்தினார். காவல் நிலையம், ஆஸ்பத்திரிகள், கல்லூரி விடுதி. நான் அவன் அக்காவோடு சேர்ந்து அவன் நண்பர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அவன் பிழைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கூப்பிட்டேனா? இல்லை. கை தானாகச் செய்தது. பழக்கம்.


ஏப்ரல் 17

கிடைத்துவிட்டான். பேருந்து நிலையத்துக் காத்திருப்பு அறையில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்திருக்கிறான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவன் அக்கா வந்து கூட்டிப் போனாள்.

"ஒண்ணும் ஆகல" என்று டாக்டரம்மா சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தொடர்ந்தார்: "இன்னைலேர்ந்து நீ யாரையும் பாக்க வேண்டாம். விசாரணை வரும். என் கையெழுத்துக்கும் நான் பதில் சொல்லியாகணும்." பிறகு, மெதுவாக: "என்கிட்ட வந்திருந்தா நானே அவனைப் பாத்திருப்பேன். உன் கோபத்தையும் சேத்துப் பாத்திருப்பேன்."

என் கோபத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.


ஏப்ரல் 19

மகனிடம் சொன்னேன். வேறு வழியில்லை, பகலெல்லாம் வீட்டிலேயே இருக்கிறேனே.

ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு முழுவதையும் கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அவனுக்கு என்னை ஞாபகம் இருந்துச்சா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். எந்தப் பொய் அவனுக்கு நல்லது என்று தெரியவில்லை.

"பேர் ஞாபகம் இல்லை."

தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினான்.

"இத்தனை வருஷமா அவனை மண்டையிலேர்ந்து இறக்கி வெச்சுக்கிட்டே வரேன்மா. கொஞ்சம் கொஞ்சமா. நீ வாரா வாரம் அவனை எதிர்ல உக்கார வெச்சுப் பேசிட்டு, இந்த வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டிருக்க."

"உனக்காகத்தானேடா..."

"எனக்காகன்னு சொல்லாத. என்னைக் கேட்டியா?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எழுந்து அறைக்குள் போனான். நான்கு நாள் கழித்தும் 'இன்னும் என்னோடு பேசவில்லை' என்றுதான் எழுதுவேன் என்று இப்போதே தெரிகிறது.


ஏப்ரல் 30

பதினோரு நாள். உப்பு எங்கே என்று மட்டும் கேட்டான்.


மே 9

கல்லூரிக்கு நானே எழுதிக் கொடுத்தேன்: முந்தைய அறிக்கை தனிப்பட்ட பகையில் எழுதப்பட்டது, செல்லாது. டாக்டரம்மா தானே அவனைப் பார்த்து வேறு அறிக்கை கொடுக்கப் போகிறார். ஜூனில் பள்ளிக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

'தனிப்பட்ட பகை' என்று எழுதியபோது கை தயங்கவில்லை. அது என் பகைதான். அதை நான் விட்டுவிடவில்லை, அறிக்கையை மட்டும்தான் திருப்பி வாங்கினேன்.


ஜூலை 22

மையத்தில் இப்போது எனக்குப் பின்கட்டில் ஒரு மேசை. யார் எந்த நாள் வருகிறார்கள் என்று நேர அட்டவணை போடுகிறேன். விசாரணை முடியவில்லை. ஷூ லேஸ் பெண் வராந்தாவில் என்னைப் பார்த்து நின்றாள். "நீங்க ஏன் இப்ப என்னைப் பாக்கறதில்ல?" பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவளுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் இந்தக் கணக்கில் எங்கேயும் வராதவள்.


ஆகஸ்ட் 14

டாக்டரம்மா மாலையில் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவன் ஆறு வாரம் பள்ளியில் பாடம் நடத்தி முடித்துவிட்டானாம். நடுக்கம் இருக்கிறதாம், இருந்தாலும் நிற்கிறானாம். என் மகனை ஒருமுறை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அவனே கேட்டிருக்கிறான். யாரும் சொல்லித் தரவில்லையாம்.

"உன் பையன் இஷ்டம். நீ எதையும் சொல்லிக் கொடுக்காத. கேளு, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து கேட்டேன். வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் கேட்கப் பழகிக்கொண்டே வந்தேன்.

மகன் உடனே பதில் சொன்னான். "வேண்டாம்."

"ஏன்னு கேட்டா என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. வேண்டாம், அவ்வளவுதான்."

"திருப்பி எப்பவாவது கேட்டா?"

"அப்பவும் அதேதான்."

அவன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். எனக்குத் தெரிந்த கோபம் எதுவும் அதில் இல்லை. வேண்டாத கடைக்காரனை வாசலிலிருந்து அனுப்பும் முகம்.

போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் டாக்டரம்மா பெருமூச்சு விடுவது கேட்டது. அவன் அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு என்ன செய்வான், எங்கே வைப்பான் என்று நினைத்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. நான் மாறிவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

திரும்பி வந்தபோது மகன் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். முடி வெட்டப் போகிறானாம். நான் செருப்பைத் தேடினேன்.

"நீ இரு" என்றான். "இங்க பக்கத்துலதானே."